மெல்லச் சூடேறட்டும்

பெருந்தமனிக் கிழிவுக்கு நள்ளிரவில் நடக்கும் அவசர ஆபரேஷனைப் பற்றிப் பேச்சு வந்தால், யாரும் முதலில் கேட்பது குளிரைப் பற்றித்தான். "உடம்பை 18 டிகிரிக்குக் கொண்டுபோயிடுவீங்களாமே? ரத்த ஓட்டத்தையே நிறுத்திடுவீங்களாமே?" என்று கண்கள் விரியக் கேட்பார்கள். உண்மைதான். கேட்கும்போதே மெய்சிலிர்க்கும் விஷயம்தான். ஆனால் இத்தனை வருடம் இந்த வேலையைச் செய்தபிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. மூளை பிழைப்பதும் கெடுவதும் குளிரவைக்கும்போது மட்டும் முடிவாவதில்லை, திரும்பச் சூடேற்றும் அந்த ஒரு மணி நேரத்திலும் முடிவாகிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நான் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதயத்தை நிறுத்தி ஆபரேஷன் செய்யும்போது, இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலையை ஒரு இயந்திரம் செய்யும். அதை இயக்குவது என் தொழில். ஆபரேஷன் தியேட்டரில் அதை நாங்கள் சுருக்கமாகப் பம்ப் என்போம். நோயாளியின் ரத்தம் குழாய் வழியாக என்னிடம் வந்து, ஆக்ஸிஜன் ஏறி, வேண்டிய வெப்பநிலைக்கு மாறி, திரும்ப உடம்புக்குள் போகும். அந்த வெப்பநிலையை ஏற்றுவதும் இறக்குவதும் என் கையில் இருக்கிறது.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். இதயத்திலிருந்து உடம்பெங்கும் ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாய்தான் பெருந்தமனி. அதன் சுவரில் மூன்று அடுக்குகள். உள் அடுக்கு கிழிந்தால், இதயம் பீய்ச்சும் ரத்தம் அந்தக் கிழிசல் வழியாக நடு அடுக்குக்குள் புகுந்து, சுவரைப் பிளந்துகொண்டே போகும். இப்போது ஒரே குழாய்க்குள் இரண்டு பாதைகள்: ஒன்று நிஜமானது, இன்னொன்று கிழிந்து உண்டான பொய்ப்பாதை. இதயத்தை ஒட்டிய ஏறுபகுதி கிழிந்திருந்தால் டைப் ஏ. அதற்கு மருந்து போதாது, உடனே திறந்தாக வேண்டும். முதல் இரண்டு நாட்களில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 1 முதல் 2 சதவீதம் பேர் இறந்துபோவார்கள் என்பது பாடநூல்களில் நெடுங்காலமாக இருக்கும் கணக்கு. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட பிபி. சிலருக்கு மார்ஃபான் போன்ற பிறவிக் கோளாறு.

வலி திடீரென்று வரும். தொடக்கத்திலேயே உச்சத்தில் இருக்கும். நெஞ்சில் ஆரம்பித்து முதுகில் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே போகும். மாரடைப்பு என்று நினைத்து ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டால் நிலைமை கைமீறிப்போகும். இரண்டு கைகளிலும் பிபி பார்த்து, பெரிய வித்தியாசம் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். வித்தியாசம் இல்லாவிட்டாலும் வலி இந்த மாதிரி இருந்தால் சிடி ஆஞ்சியோ எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. மூளையைக் காப்பாற்றும் வேலை உண்மையில் அங்கேயே ஆரம்பிக்கிறது. ஏனென்றால் அந்தக் கிழிசல் கழுத்துத் தமனிக்குள்ளும் ஏறிப் போகலாம். சில நோயாளிகள் கை கால் விழுந்து, ஸ்ட்ரோக் என்றேதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

சரி, எதற்காக ரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும்? பெருந்தமனி மேலேறி வளையும் இடத்தில்தான் தலைக்கும் கைகளுக்கும் போகும் மூன்று கிளைகள் பிரிகின்றன. கிழிந்த தமனி ஈரத்தாளைப் போல இருக்கும். அதன்மேல் க்ளாம்ப் போட்டு இறுக்கினால் இறுக்கிய இடத்திலேயே புதிதாகக் கிழியும். வளைவின் உட்புறத்தில் வேறு கிழிசல் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் வேண்டும். அதனால் க்ளாம்ப் இல்லாமல் திறந்த நிலையில்தான், கிழிந்த தமனிக்குப் பதிலாக டேக்ரான் என்ற செயற்கைத் துணியாலான குழாயைத் தைத்தாக வேண்டும். அங்கே ரத்தம் பாய்ந்துகொண்டிருந்தால் எதுவும் தெரியாது, தையலும் நிற்காது. எனவே பம்ப் நிற்க வேண்டும்.

பம்ப் நின்றால் மூளை என்ன செய்யும்? உடல் எடையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கு வேண்டும். சேமிப்பு என்று ஏதும் கிடையாது. சாதாரண உடல் வெப்பத்தில் சுமார் 5 நிமிடம்தான் தாங்கும். ஒவ்வொரு டிகிரி குறையக் குறைய அதன் தேவையும் 6, 7 சதவீதம் குறையும். 15 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய அரை மணி நேரம் கிடைக்கும். அந்த அரை மணியை நம்பித்தான் வளைவு அறுவை சிகிச்சை என்ற துறையே எழுந்து நின்றது.

டொராண்டோவில் வில்ஃப்ரெட் பிகலோ 1940-களின் கடைசியில் நாய்களைக் குளிரவைத்துப் பார்த்தார். குளிர்காலம் முழுக்க உறங்கும் விலங்குகள் எப்படிப் பிழைக்கின்றன என்றுகூட ஆராய்ந்தார். 1952 செப்டம்பர் 2 அன்று மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் லூயிஸ் ஒரு 5 வயதுச் சிறுமியின் உடம்பை 28 டிகிரிக்குக் குளிரவைத்து, இதயத்தைத் திறந்து, ஐந்தரை நிமிடத்தில் ஓட்டையை மூடினார். பம்ப் கிடையாது, குளிர் மட்டும்தான். 1975-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ராண்டல் கிரீப், பெருந்தமனி வளைவை மாற்றவேண்டிய நான்கு பேரை ஆழமாகக் குளிரவைத்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி ஆபரேஷன் செய்தார். மூன்று பேர் பிழைத்தார்கள். அதுவரை வளைவைத் தொடவே பலரும் அஞ்சிய காலம். அந்த மூன்று உயிர்கள் எத்தனை பேருக்குத் துணிச்சல் தந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

ஆனால் குளிர் மட்டும் இருந்தால் நேரம் குறைவு. ஹூஸ்டனிலிருந்து ஸ்வென்சன் குழுவினர் 1993-ல் 656 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார்கள். ரத்த ஓட்டம் நின்ற நேரம் 40 நிமிடத்தைத் தாண்டினால் ஸ்ட்ரோக் கூடுகிறது, 65 நிமிடத்தைத் தாண்டினால் மரணமே கூடுகிறது. இந்தக் கிழிவு ஆபரேஷனில் தையல் எப்போதும் சொன்ன நேரத்துக்குள் முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால்தான் உடம்புக்கு ரத்தம் நின்றாலும் மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் அனுப்பும் முறை வேரூன்றியது. ஜப்பானில் கஸூய் போன்ற சர்ஜன்கள் இதைச் செம்மைப்படுத்தினார்கள். அதே நாட்டிலிருந்து 1990-ல் உவேடா, சிரை வழியாகப் பின்னோக்கி ரத்தம் அனுப்பும் இன்னொரு முறையைக் கொண்டுவந்தார். அது தலையைக் குளிராக வைத்திருக்கும், உள்ளே போன துகள்களையும் காற்றையும் வெளியே தள்ளும். மூளையின் பசியைத் தீர்க்க அது போதாது என்பது என் எண்ணம். இப்போது எங்கள் தியேட்டரில் தமனி வழியாக முன்னோக்கி ரத்தம் அனுப்பும் முதல் முறைதான்.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ச் சொல்கிறேன். வலது தோளுக்குக் கீழே ஓடும் தமனியில் 8 மில்லிமீட்டர் டேக்ரான் குழாய் ஒன்றைத் தைத்து, அதன் வழியாக நான் ரத்தம் அனுப்புவேன். வளைவைத் திறக்கும் நேரம் வந்ததும், வளைவிலிருந்து பிரியும் முதல் கிளையின் அடியில் மட்டும் சர்ஜன் க்ளாம்ப் போடுவார். அப்போது நான் அனுப்பும் ரத்தம் கீழே போக வழியில்லாமல் வலது கழுத்துத் தமனி வழியாக மூளைக்கு ஏறும். அதுவரை நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடிக்கொண்டிருந்த பம்ப்பை, கிலோவுக்கு 10 மில்லி கணக்கில், 60 கிலோ ஆளுக்கு 600 மில்லிக்கு இறக்குவேன். வலது மணிக்கட்டுத் தமனியில் செருகியிருக்கும் லைன் காட்டும் ரத்த அழுத்தம் 50, 60-க்குள் இருக்க வேண்டும். குறைந்தால் மூளை பட்டினி. கூடினால் மூளை வீங்கும்.

இடது பக்க மூளைக்கு? மூளையின் அடியில் இரண்டு பக்கத்துத் தமனிகளையும் இணைக்கும் ஒரு வளையம் இருக்கிறது. தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1664-ல் விரிவாக விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்த வளையம் முழுமையாக இருந்தால் வலப்பக்கம் அனுப்பும் ரத்தம் இடப்பக்கமும் போய்விடும். ஆனால் பலருக்கு அது முழுமையாக இருப்பதில்லை. ஒரு பக்கம் நூல்போல மெலிந்திருக்கும், அல்லது இணைப்பே இருக்காது. அவசர ஆபரேஷனில் இதையெல்லாம் முன்கூட்டிப் படமெடுத்துப் பார்க்கப் பெரும்பாலும் நேரம் இருக்காது.

அப்போது எங்களுக்குக் கண்ணாக இருப்பது நெற்றியின் இரு பக்கமும் ஒட்டும் இரண்டு பட்டைகள். அகச்சிவப்பு ஒளியை உள்ளே செலுத்தி, அங்கே ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று இரண்டு எண்களாகக் காட்டும். ஒரு இரவு இப்படித்தான். பம்ப்பை இறக்கியாயிற்று, கீழுடம்புக்கு ஓட்டம் நின்றாயிற்று. வலது எண் 62-ல் அசையாமல் நின்றது. இடது எண் 60-லிருந்து 55, 50, 46 என்று இறங்கிக்கொண்டே வந்தது.

"லெஃப்ட் இறங்குது சார், 44."

"ரைட்?"

"62 சார், அப்படியே இருக்கு."

அனஸ்தீஷியா மேடம் பிபியையும் தலையின் நிலையையும் பார்த்தார். நான் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன். எண் அசையவில்லை. சர்ஜன் தலையைத் தூக்காமலே, "லெஃப்ட் கரோட்டிட்ல கேனுலா போடறேன், லைன் ரெடியா?" என்றார். இடது கழுத்துத் தமனியின் திறந்த வாயில் முனையில் பலூன் உள்ள மெல்லிய குழாயைச் செருகினார். காற்றில்லை என்று இரண்டு பேரும் பார்த்து உறுதி செய்தபின் க்ளாம்பைத் திறந்தேன். 44, 48, 53, 58. அந்த எண்கள் ஏறுவதைப் பார்ப்பதைவிட மகிழ்ச்சியான காட்சி என் தொழிலில் இல்லை. ஆனாலும் அந்தப் பட்டைகள் நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டும்தான் பார்க்கும். மூளையின் பின்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று அவை சொல்லாது. ஒரு சின்னத் துகள் போய் அடைத்துக்கொண்டாலும் சொல்லாது.

ஒரு பக்கம் போதுமா, இரண்டு பக்கமும் வேண்டுமா என்பது மாநாடுகளில் ஓயாத விவாதம். ஜெர்மனியில் 1,500-க்கும் மேற்பட்ட டைப் ஏ நோயாளிகளின் பதிவேட்டை வைத்து 2011-ல் ஒரு ஆய்வு வந்தது. ஓட்டம் நிற்கும் நேரம் 30 நிமிடத்துக்குள் என்றால் குளிர் மட்டும் இருந்தாலும், மூளைக்குத் தனி ரத்தம் போனாலும் பெரிய வித்தியாசமில்லை, அதற்கு மேல் நீண்டால் தனி ரத்தம் தருவதே நல்லது என்று அது சொல்லிற்று. ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. என்னைக் கேட்டால், முதலில் ஒரு பக்கம், எண் இறங்கினால் தயங்காமல் இரண்டாவது. இரண்டாவது லைனை எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன்.

எந்த வெப்பநிலை என்பதிலும் காலம் மாறிவிட்டது. மூளைக்குத்தான் ரத்தம் போகிறதே என்று 25, 28 டிகிரியிலேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ரத்தம் உறைவது கெடாது, பம்ப் நேரம் குறையும், எல்லாம் சரிதான். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் நள்ளிரவில், வளையம் முழுமையா இல்லையா என்று தெரியாத ஒருவருக்கு, தமனி பிளந்து கிடக்கும் நேரத்தில், 22, 24 வரை இறக்கிக்கொள்வதே நல்லது என்று நினைக்கிறேன். குழாய் நழுவினாலோ ஓட்டம் ஏதோ காரணத்தால் தடைபட்டாலோ, அந்தக் கூடுதல் குளிர் சில நிமிடங்களைத் தரும். 28-ல் அந்த நிமிடங்கள் மிகக் குறைவு. கீழுடம்பில் ரத்தமே இல்லாமல் காத்திருக்கும் தண்டுவடத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூட அந்தக் குளிர்தான் துணை.

தலையைச் சுற்றி ஐஸ் வைப்பது, ஸ்டீராய்டும் தயோபென்டால் என்ற மயக்க மருந்தும் தருவது ஆகியவற்றையும் பல இடங்களில் செய்கிறார்கள். ஐஸ் வைப்பதில் நியாயம் உண்டு. மருந்துகளுக்கு உறுதியான ஆதாரம் குறைவு.

இனி சூடேற்றுவது. தையல் முடிந்து, காற்றை வெளியேற்றி, டேக்ரான் குழாய்க்கு க்ளாம்ப் மாற்றியபின் முழு ஓட்டத்தையும் திரும்பத் தருகிறேன். இந்த நிமிடத்தில் தியேட்டரில் எல்லோருக்கும் ஒரு பெருமூச்சு. பெரும் ஆபத்து தாண்டிவிட்டது என்ற எண்ணம். "வார்ம் பண்ணுங்க" என்று ஒரு குரல் வரும். மணி அதிகாலை மூன்றோ நான்கோ ஆகியிருக்கும். எல்லோருக்கும் முடித்தால் போதும் என்றிருக்கும். குளிர்ந்த ரத்தம் உறையாது, எல்லா இடத்திலும் கசியும், அதனால் சீக்கிரம் சூடேற்ற வேண்டும் என்ற அவசரமும் நியாயமானதுதான். இங்கேதான் நான் உடனே சூடேற்றாமல், 5 முதல் 10 நிமிடம் குளிர்ந்த ரத்தத்தையே அனுப்புகிறேன். அரைப்பட்டினி கிடந்த மூளைக்கு, அதன் தேவை கூடுவதற்கு முன்னால், முதலில் ஆக்ஸிஜன் போய்ச் சேரட்டும், சேர்ந்த கழிவு வெளியேறட்டும்.

பிறகும் அவசரம் கூடாது. காரணம் இரண்டு. முதலாவது, காற்று. குளிர்ந்த ரத்தத்தில் வாயு நிறையக் கரைந்திருக்கும். திடீரென்று சூடுபடுத்தினால் வெயிலில் வைத்த சோடா புட்டிபோல அது குமிழாக வெளிவரும். அந்தக் குமிழ்கள் மூளையின் நுண்குழாய்களில் போய் நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் அனுப்பும் ரத்தத்துக்கும் உடம்பிலிருந்து திரும்பி வரும் ரத்தத்துக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அமெரிக்க இதய அறுவை, அனஸ்தீஷியா, பெர்ஃப்யூஷன் சங்கங்கள் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் கறாரானது. 30 டிகிரியைத் தாண்டியபின் வித்தியாசம் 4 டிகிரிக்குள், வேகம் நிமிடத்துக்கு அரை டிகிரிக்குள்.

இரண்டாவது காரணம்தான் பலருக்குத் தெரியாதது. நாம் பார்க்கும் எண் மூளையின் வெப்பம் இல்லை. மூளைக்குள் யாரும் வெப்பமானி வைப்பதில்லை. மூக்கின் உட்புறத்தில் ஒன்று, சிறுநீர்ப்பையில் ஒன்று. சிறுநீர்ப்பை எப்போதும் பின்தங்கியே வரும். மூளைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதுதான் முதலில் சூடாகும். சிறுநீர்ப்பை 33 காட்டிக்கொண்டிருக்கும்போது, அதைப் பார்த்து நாம் இன்னும் சூட்டைக் கூட்டினால், மூளை அதற்குள் 38-ஐத் தாண்டியிருக்கலாம். அரை மணி நேரம் குறைந்த ஓட்டத்தில் இருந்த மூளைக்கு, ஆபரேஷன் டேபிளிலேயே காய்ச்சலை உண்டாக்குவதற்குச் சமம் அது. அதனால் நான் அனுப்பும் ரத்தம் எக்காரணம் கொண்டும் 37-ஐத் தாண்டாது. மூக்கின் எண் 36.5-ஐத் தொட்டதும் நிறுத்திவிடுவேன், சிறுநீர்ப்பை எண் கொஞ்சம் கீழே இருந்தாலும் பரவாயில்லை. மீதியை ஐசியூவில் போர்வை பார்த்துக்கொள்ளும்.

"இவ்வளவு மெதுவாகப் போனால் பம்ப் நேரம் நீளாதா, ரத்தக்கசிவு கூடாதா?" என்று இளம் டாக்டர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் சர்ஜனின் வேலை வரிசையில் இருக்கிறது. முதலில் வளைவுப் பக்கத்துத் தையல், அது முடிந்து ஓட்டம் திரும்பியபின் இதயத்தை ஒட்டிய பக்கம். வால்வைச் சரிசெய்து, தமனியின் அடிப்பகுதியைச் சேர்த்துத் தைக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்திலேயே நான் நிதானமாகச் சூடேற்றிக்கொண்டு வந்தால் தனியாக ஒரு நிமிடமும் வீணாகாது. அதற்குச் சர்ஜனும் அனஸ்தீஷியாவும் நானும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். "சார், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நான் கேட்பதற்கும், அவர் எரிச்சல்படாமல் பதில் சொல்வதற்கும் மூளைப் பாதுகாப்பில் பெரிய பங்கு இருக்கிறது. பதறாத காரியம் சிதறாது என்று என் சீனியர் ஒருவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். இப்போது என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நானும் சொல்கிறேன், சூடேற்றும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் எல்லா வெப்பநிலைகளையும் எழுதச் சொல்கிறேன்.

இந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசும்போது மைக்கேல் டிபேக்கியைச் சொல்லாமல் போக முடியாது. நாங்கள் ஓட்டும் உருளைப் பம்ப்பை, மருத்துவ மாணவராக இருந்தபோதே 1930-களில் ரத்தம் ஏற்றுவதற்காக உருவாக்கிக் கொடுத்தவர் அவர். அதுதான் பின்னால் ஹார்ட்-லங் மெஷினுக்குள் வந்தது. டேக்ரான் குழாயைத் தன் வீட்டுத் தையல் மெஷினில் தைத்துப் பார்த்தவரும் அவர். பெருந்தமனிக் கிழிவை அறுவை சிகிச்சையால் சரிசெய்து காட்டிய முன்னோடி. கிழிவுகளை வகைப்படுத்தும் ஒரு முறைக்கு இன்றும் அவர் பெயர். 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருக்கே அதே நோய் வந்தது. என்ன வலி என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முதலில் ஆபரேஷன் வேண்டாம் என்றார். நிலைமை மோசமாகி நினைவு தவறியபின், அந்த வயதில் செய்யலாமா என்று மருத்துவமனைக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. 2006 பிப்ரவரியில் அவருடன் பல்லாண்டு வேலை பார்த்த ஜார்ஜ் நூன் ஆபரேஷன் செய்தார். வாரக்கணக்கில் வெண்டிலேட்டர், டயாலிசிஸ், மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி. கடைசியில் தெளிந்த அறிவோடு வீடு திரும்பினார், தன் நோயைப் பற்றிப் பத்திரிகையாளரிடம் தானே விவரித்தார். 2008 ஜூலையில், 99 வயதில் காலமானார். அவர் விழித்தெழ எடுத்துக்கொண்ட அந்த வாரங்களை ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன்.

ஏனென்றால் அவர்களுக்குப் பெரிய பயம் அதுதான். ஆபரேஷன் முடிந்தது என்கிறார்கள், ஆனால் அப்பா கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் யாரையோ பார்ப்பதுபோல் பார்க்கிறார். இல்லாத ஆட்களோடு பேசுகிறார், ட்யூபைப் பிடுங்கப் பார்க்கிறார். ஆழமாகக் குளிரவைத்து ஓட்டம் நிறுத்திய நோயாளிகளில் பலருக்கு இந்தக் குழப்பம் சில நாட்கள் இருக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் தானாகவே தெளியும். ஒரு கை, ஒரு கால் மட்டும் அசையாமல் இருப்பது வேறு விஷயம், அதை டாக்டர்கள் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். குரல் கரகரவென்று போயிருந்தாலும் ஸ்ட்ரோக் என்று பதற வேண்டாம். குரல்வளைக்குப் போகும் இடது நரம்பு பெருந்தமனி வளைவைச் சுற்றித்தான் ஓடுகிறது. கிழிவாலோ ஆபரேஷனாலோ அது பாதிக்கப்பட்டிருக்கலாம்.

முதல் இரண்டு நாளில் காய்ச்சல் வந்தால் ஐசியூ நர்ஸ் உடனே இறக்குவார். போர்வையை எடுத்துவிட்டார்களே, குளிராதா என்று வருத்தப்படாதீர்கள். பார்வை நேரத்தில் உள்ளே போகும்போது அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள், காது மெஷின் இருந்தால் அதையும். இன்று என்ன கிழமை, மணி என்ன, எந்த ஆஸ்பத்திரி, எதற்காக ஆபரேஷன் நடந்தது என்று வழக்கமாகக் கூப்பிடும் முறையிலேயே கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஒரே நேரத்தில் நான்கு பேர் பேசாமல் ஒருவர் மட்டும் பேசுங்கள். பதில் வராவிட்டாலும் மறுநாளும் அதையே சொல்லுங்கள்.